மேக்ரோஃபேஜ் ஆய்வுக்குப் போகும் தங்கைக்கு: அக்காவின் டிப்ஸ்

ஃபெல்லோஷிப் வந்துவிட்டது, கைடும் அமைந்துவிட்டார், தலைப்பும் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறதும்மா. இயல்பு நோய் எதிர்ப்பு மண்டலம் தொற்றுக்கும் அழற்சிக்கும் எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கப் போகிறாய். ஒரு கிருமியை முன்பின் பார்த்திராமலேயே, அது உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் எதிர்த்து நிற்பவை அதன் செல்கள்; மேக்ரோஃபேஜும் அவற்றில் ஒன்று. பாடம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவதெல்லாம் மேசையில், பைப்பெட்டைக் கையில் பிடிக்கும்போது வேண்டியவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள். டி செல்லோடு வேலை செய்யும் உன் தோழிக்கு இருக்கும் வசதி உனக்குக் கிடையாது. ஒரு டி செல் தனக்கென்று வாய்த்த ஒரு துண்டுப் புரதத்தைக் கண்டால்தான் அசையும். மேக்ரோஃபேஜின் பிழைப்பே வேறு. பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று எதன் துணுக்கு பட்டாலும் அது விழித்துக்கொள்ளும். நீ சேர்த்த பொருளுக்கும் பதில் சொல்லும். நீ பாட்டில் கழுவிய தண்ணீரில் இருந்த பாக்டீரியாத் தூசுக்கும் அதே பதிலைத்தான் சொல்லும். எலைசா தட்டில் மஞ்சள் நிறம் ஏறியதும் துள்ளிக் குதிக்காதே. செல் எதற்குப் பதில் சொன்னது என்று உறுதி செய்வதில்தான் உன் பிஎச்.டி.யின் பெரும்பகுதி போகும். அதற்குத் தயாராகவே போ.

தண்ணீரைச் சந்தேகி

ஃப்ளாரன்ஸ் சைபர்ட் என்ற பெண்மணியைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1920-களில் அமெரிக்காவில், காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றினால்கூட நோயாளிகளுக்குக் குளிர்காய்ச்சல் வரும். மருந்தைத்தான் குறை சொன்னார்கள். சைபர்ட் 1923-ல் காரணத்தைத் தண்ணீரில் கண்டுபிடித்தார். தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியாக்களின் பொருள், காய்ச்சும்போது தெறிக்கும் நுண்துளிகளோடு சேர்ந்து வடிகலத்துக்குள் போய்விடுகிறது. பாக்டீரியா செத்தாலும் அந்தப் பொருள் சாவதில்லை. துளிகளை மடக்கிப் பிடிக்கும் வடிகலம் ஒன்றையும் அவரே வடிவமைத்தார். காசநோய்க்கு முன்கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கிறார்களே, மாண்டூ பரிசோதனை, அதில் போடும் சுத்திகரித்த டியூபர்குலினை உருவாக்கியவரும் இவர்தான். ரத்தத்துக்குள் மருந்து ஏற்றுவது இன்று பயமில்லாமல் நடக்கிறதென்றால் அதில் இந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் துரத்திய அந்தப் பொருளைத்தான் எண்டோடாக்சின் என்கிறோம். ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளித்தோலில் இருக்கும் எல்.பி.எஸ். ஒரு மில்லி மீடியாவில் சில பிக்கோகிராம் கிடந்தாலே மனித மோனோசைட்டுகள் அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். சுரக்க ஆரம்பித்துவிடும்.

ஆட்டோகிளேவ் செய்துவிட்டோமே என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நீ இருக்காதே. 121 டிகிரியில் நீராவி பாக்டீரியாவைக் கொல்லும்; எண்டோடாக்சினை அசைக்காது. கண்ணாடிப் பாத்திரமானால் உலர் அடுப்பில் 250 டிகிரியில் 30 நிமிடமாவது வைக்க வேண்டும். உனக்கென்று நாலு பாட்டில் தனியாக எடு, இப்படிச் சுட்டு எடு, பெயர் எழுதி ஒட்டு, பொதுத் தொட்டியில் கழுவப் போடாதே. பஃபருக்கான தண்ணீரை ஆய்வகத்து வடிகலத்திலிருந்து பிடிக்காமல், ஊசிமருந்துக்கு விற்கும் தண்ணீரை வாங்கிப் பயன்படுத்து. கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இது இல்லை.

எவ்வளவு எண்டோடாக்சின் இருக்கிறதென்று அளக்க எல்.ஏ.எல். பரிசோதனை இருக்கிறது. கைடிடம் முதல் பட்ஜெட்டிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடு. அந்தப் பரிசோதனையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். குதிரைலாட நண்டுக்குள் ஒருவகை பாக்டீரியாவைச் செலுத்தினால் அதன் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடுகிறது என்று ஃப்ரெடரிக் பேங் 1956-ல் எழுதினார். பின்னால் அவரும் ஜாக் லெவினும் சேர்ந்து, அந்த ரத்த செல்களின் சாற்றில் துளி எண்டோடாக்சின் பட்டாலே உறையும் என்று காட்டினார்கள். ஆன்டிபாடியே இல்லாத ஒரு பிராணி, கிருமியின் துணுக்கை அடையாளம் கண்டு சுற்றி வளைத்து அடைக்கிறது. நீ படிக்கப் போகிற அதே இயல்பு எதிர்ப்பு. அந்த நண்டுகளிடம் ரத்தம் எடுக்காமலே முடிக்க வேண்டும் என்று, அவற்றின் ஃபேக்டர்-சி புரதத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைச் சிங்கப்பூரில் டிங் ஜியாக் லிங், ஹோ பௌ இருவரும் உருவாக்கினார்கள். முடிந்தால் அந்தக் கிட்டையே வாங்கச் சொல். நண்டு பிழைக்கும்.

ஈ.கோலையில் செய்த புரதம் என்றால் இரண்டு மடங்கு கவனம்

இதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். ஹீட் ஷாக் புரதங்கள், அதாவது செல் சூட்டிலும் நெருக்கடியிலும் தவிக்கும்போது பெருகும் புரதங்கள், அவையே மேக்ரோஃபேஜில் எல்.பி.எஸ்.ஸை உணரும் டி.எல்.ஆர்-4 வாங்கியைத் தட்டி எழுப்புகின்றன என்று 2000-த்தை ஒட்டி ஏராளமான கட்டுரைகள் வந்தன. அழகான கருத்து. உடலே தனக்கு ஆபத்து என்று தன் எதிர்ப்புச் செல்லுக்குச் சொல்கிறது என்ற கருத்தை யாருக்குத்தான் பிடிக்காது? 2003-ல் காவோ, சான் இருவரும் ஹீட் ஷாக் புரதம்-70-ஐ நன்றாகச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். டி.என்.எஃப். சுரக்கவில்லை. அந்தப் புரதத்தை ஈ.கோலைக்குள் வளர்த்து எடுத்ததால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த எல்.பி.எஸ்.தான் அதுவரை வேலை செய்திருக்கிறது.

அதற்கு முன்னாலும் ஒன்று நடந்தது. 1998-ல் எல்.பி.எஸ்.ஸை உணரும் வாங்கி டி.எல்.ஆர்-2 என்று மிகப் பெரிய இதழ்களிலேயே வந்தது. கடையில் வாங்கிய எல்.பி.எஸ். தூளில் பாக்டீரியாவின் லிப்போபுரதம் கொஞ்சம் கலந்திருந்தது, டி.எல்.ஆர்-2 அதைத்தான் உணர்ந்தது. மறுபடி சுத்திகரித்த எல்.பி.எஸ். கொடுத்ததும் டி.எல்.ஆர்-2 வாயே திறக்கவில்லை. ஆகவே எல்.பி.எஸ். வாங்கும்போது மிகச் சுத்தமான தரத்தில் வாங்கு. எந்த ஈ.கோலை வகை, எந்த பேட்ச் என்பதை நோட்டில் குறி. அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், கட்டி கட்டியாகச் சேரும். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் வோர்டெக்ஸில் நன்றாகச் சுழற்று.

நீ ஏதாவது ஒரு புரதத்தைச் செல்லுக்குக் கொடுத்து அழற்சி வந்தால் மூன்று கேள்வி கேள். புரதத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாலும் அதே பதில் வருகிறதா? வந்தால் புரதத்தைச் சந்தேகப்படாதே, எண்டோடாக்சினைச் சந்தேகி. கொதியில் புரதம்தான் கெடும். பாலிமிக்ஸின்-பி சேர்த்தால் பதில் விழுகிறதா? அது எல்.பி.எஸ்.ஸைக் கட்டிப்போடும் மருந்து. டி.எல்.ஆர்-4 இல்லாத செல்லிலும் பதில் வருகிறதா? மூன்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதே, ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கிறது. பாலிமிக்ஸின் அளவு கூடினால் செல்லுக்கே நஞ்சு; உன் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

எண்டோடாக்சின் எப்போதும் பதிலைக் கூட்டியே காட்டும் என்று நினைத்துவிடாதே. பால் பீசன் 1940-களில் முயல்களுக்குத் தினமும் டைபாய்டு தடுப்பூசி மருந்தைச் செலுத்திப் பார்த்தார். முதலில் காய்ச்சல் எகிறியது. நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. மேக்ரோஃபேஜும் அப்படித்தான். முந்தின நாள் மீடியாவில் கொஞ்சம் எல்.பி.எஸ். பட்டிருந்தால் மறுநாள் நீ கொடுக்கும் நிஜ அளவுக்கு அது அசையாது. பதிலே வராத சோதனையைத் தூக்கிப் போடும் முன் மீடியாவையும் சீரத்தையும் எல்.ஏ.எல்.லில் பார்த்துவிடு.

சீரம் பேட்ச் மாறினால் மேக்ரோஃபேஜின் குணமும் மாறும். இரண்டு மூன்று பேட்சில் மாதிரி வாங்கிச் சோதித்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் அடுக்கு. மைக்கோபிளாஸ்மாவுக்கு மாதம் ஒருமுறை பி.சி.ஆர். போடு, அதற்குச் செல்சுவரே இல்லாததால் மீடியாவில் ஊற்றும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, அதன் லிப்போபுரதமோ உன் செல்களை நாள் முழுக்க உசுப்பிக்கொண்டே இருக்கும்.

செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பும் புரதக் கூட்டமான இன்ஃப்ளமசோமில் வேலை வந்தால், எல்.பி.எஸ். கொடுத்து நாலு மணி நேரம் கழித்து ஏ.டி.பி. கொடுப்பாய். ஏ.டி.பி.யைத் தண்ணீரில் கரைத்தால் புளிப்பேறிக் கிடக்கும், பி.எச். 7-க்குக் கொண்டுவராமல் ஊற்றினால் செல் சாவது அமிலத்தாலா ஏ.டி.பி.யாலா என்று தெரியாமல் போகும். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை எலைசாவில் மட்டும் காட்டாதே. வெட்டப்படாத முன்வடிவத்தையும் சில கிட்டுகள் எண்ணிவிடும். வெஸ்டர்ன் பிளாட்டில் வெட்டுப்பட்ட 17 கிலோடால்டன் பட்டையையும் சேர்த்துக் காட்டு.

ரத்தம் கொடுப்பவர்

நியூட்ரோஃபிலோடு வேலை செய்யும் நாள் வந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதே. உன் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. ரத்தத்தில் அவற்றின் ஆயுள் அவ்வளவு குறைவு என்பதால்தான் அந்த வேகம். ஃப்ரீசரில் போட்டு அடுத்த வாரம் எடுக்கலாம் என்பதே கிடையாது. ஊசி குத்திய நேரத்தைக் குழாயிலேயே எழுதிவிட்டு, சில மணி நேரத்துக்குள் சோதனையை முடித்துவிடு. வோர்டெக்ஸ் பக்கமே கொண்டு போகாதே. குழாயை அடித்து ஆட்டாதே. ஐஸில் வைத்து எடுத்து உடனே 37 டிகிரியில் வைப்பது போன்ற திடீர் மாற்றமெல்லாம் அவற்றைத் தூண்டிவிடும். எண்ணிப் பார்க்க மட்டும்தான் என்றால் ஈ.டி.டி.ஏ. குழாய் போதும், செல் ஒட்டுவதையும் விழுங்குவதையும் பார்க்க வேண்டுமானால் கால்சியத்தைப் பிடித்துவைக்காத ஹெப்பாரின் வேண்டும், அந்த ஹெப்பாரினிலும் எண்டோடாக்சின் பார்த்துவிடு. பிரித்தெடுத்ததும் ஒரு ஸ்லைடில் இழுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார். கருவின் மடல்கள் தெளிவாகத் தெரிகின்றனவா, இடையில் மோனோசைட் எத்தனை என்று எண்ணு. கொஞ்சம் மோனோசைட் கலந்தாலே சைட்டோகைன் கணக்கு முழுக்க மாறிவிடும்.

ரத்தம் கொடுக்க வருபவரிடம் உட்கார வைத்துப் பேசு. போன வாரம் காய்ச்சல் இருந்ததா? தடுப்பூசி ஏதாவது போட்டீர்களா? வலி மாத்திரை? காலையில் ஓடிவிட்டு வந்தீர்களா? உடற்பயிற்சி முடித்த கையோடு ரத்தம் எடுத்தால் நியூட்ரோஃபில் எண்ணிக்கையே ஏறியிருக்கும். இந்தப் பதில்களையெல்லாம் படிவத்தில் எழுதி வைத்தால்தான் பின்னால் ஒரே ஒருவருடைய செல் மட்டும் ஏன் வேறு மாதிரி நடந்துகொண்டது என்று உனக்குப் புரியும்.

நோயாளிகளின் ரத்தமானால், ஒப்புதல் படிவத்தை அவர்கள் மொழியில் நீயே வாசித்துச் சொல். கையெழுத்துக்காக நீட்டாதே. செப்சிஸ் வார்டில் உறவினர்களிடம் பேச நேரிடும். அவர்கள் அப்போது எந்த நிலையில் இருப்பார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'இதனால் அப்பாவுக்கு நல்லதா?' என்று கேட்பார்கள். இப்போதைக்கு அவருக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை, பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம் என்று உண்மையைச் சொல். முடியாது என்றால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடு.

எலியின் பூர்வீகம்

சி3எச்/எச்.ஈ.ஜே என்ற எலிவகை 1960-களிலிருந்தே ஒரு புதிராக இருந்தது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு எல்.பி.எஸ். கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கொஞ்சம் சால்மோனெல்லா தொற்றினால் மற்றவற்றுக்கு முன்னால் செத்துப்போகும். புரூஸ் பாய்ட்லர் டல்லஸில் பல வருடம் அதன் குரோமோசோமை அங்குலம் அங்குலமாகத் தேடி, 1998-ல் டி.எல்.ஆர்-4 ஜீனில் வந்து நின்றார். 712-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின், அவ்வளவுதான் பிழை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல் ஹாஃப்மனின் குழு, இதே குடும்பத்து டோல் ஜீன் பழுதான பழ ஈக்கள் பூஞ்சை பிடித்துச் சாவதைக் காட்டியிருந்தது. ஈயிலும் எலியிலும் மனிதரிலும் ஒரே கதவு. இருவருக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது. டென்ட்ரிடிக் செல்லைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டெய்ன்மனுக்கும் கிடைத்தது. அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால் அவர் இறந்துவிட்டிருந்தார், நோபல் குழுவுக்கு அது தெரியவில்லை.

இன்னொரு எலிக்கதையை உன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்தாலும் தகும். காஸ்பேஸ்-1 ஜீனை நீக்கிய எலிகள் 1995-ல் வந்தன. அவை கொல்லும் அளவு எல்.பி.எஸ்.ஸையும் தாங்கின. ஆகவே செப்டிக் அதிர்ச்சியில் எலியைக் கொல்வது காஸ்பேஸ்-1 என்று பதினாறு வருடம் எல்லோரும் எழுதினார்கள். 2011-ல் ஜெனன்டெக்கில் நோபுஹிகோ கயகாகி, விஷ்வா தீட்சித் குழு காட்டியது வேறு. அந்த எலிகளை உருவாக்க எடுத்த 129 வகை ஸ்டெம் செல்களில் பக்கத்து ஜீனான காஸ்பேஸ்-11 பிறவியிலேயே பழுது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் எத்தனை தலைமுறை கலப்பினம் செய்தாலும் பிரியவில்லை. எல்லோரும் ஒரு ஜீன் இல்லாத எலி என்று நம்பி, இரண்டு இல்லாத எலியோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கொன்றது பெரும்பாலும் காஸ்பேஸ்-11. அந்தத் திருத்தத்திலிருந்துதான், செல்லுக்கு உள்ளே புகுந்த எல்.பி.எஸ்.ஸை டி.எல்.ஆர்-4 இல்லாமலே உணர்கிற தனி வழி வெளிப்பட்டது.

ஆகவே எலி உன் கைக்கு வந்ததும் கேள்: எந்த வகை ஸ்டெம் செல்லில் செய்தது, எத்தனை தலைமுறை கலந்தது, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது. கண்ட்ரோல் எலியைக் கடையில் வாங்காதே. ஒரே ஈற்றில், ஒரே கூண்டில் வளர்ந்த உடன்பிறப்பைப் பயன்படுத்து. குடல் பாக்டீரியா கூண்டுக்குக் கூண்டு மாறும். ஜீனின் வேலை என்று நினைத்தது பல இடங்களில் கூண்டின் வேலையாக முடிந்திருக்கிறது. எல்.பி.எஸ். ஊசியைத் தினமும் ஒரே நேரத்தில் போடு. ஒரே அளவு எண்டோடாக்சின் ஒரு வேளையில் கொடுத்தால் பெரும்பாலான எலிகள் பிழைக்கின்றன, இன்னொரு வேளையில் கொடுத்தால் பெரும்பாலானவை சாகின்றன என்று ஃப்ரான்ஸ் ஹால்பெர்க் 1960-லேயே காட்டிவிட்டார். எலி அறையின் 22 டிகிரி நமக்கு இதம், எலிக்கோ அது குளிர். அதற்கு இதமானது 30 டிகிரியை ஒட்டியது. 22-ல் எல்.பி.எஸ். வாங்கிய எலிக்குக் காய்ச்சலுக்குப் பதில் உடல் சில்லிட்டுப் போகும். அதைப் பார்த்து மனிதக் காய்ச்சலைப் பற்றி எழுதிவிடாதே.

விலங்கு நெறிமுறைக் குழுவின் படிவத்தில் எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கேட்பார்கள். கணக்குப் போட்டு எழுது, குத்துமதிப்பாக எழுதாதே. எந்த நிலை வந்தால் எலியை அதற்கு மேல் வதைக்காமல் முடித்துவிடுவாய் என்ற இடத்தில் எடைக் குறைவு, உடல் வெப்பம், அசைவு எல்லாவற்றுக்கும் எண் கொடு. ராத்திரி இரண்டு மணிக்கு நீ தனியாக நிற்கும்போது அந்த எண்தான் முடிவெடுக்க வேண்டும். உன் சோதனை ஆசை எடுக்கக் கூடாது.

எலியிலிருந்து ஆளுக்கு

தன்னார்வலருக்குக் காய்ச்சல் வரவழைக்க உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் எண்டோடாக்சின் போதும். எலியைக் கொல்ல கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். நம் ரத்தத்து வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்; எலிக்குக் கால் பங்குக்கும் குறைவு. இந்த இடைவெளியை மறந்ததற்கு மருத்துவம் கொடுத்த விலை பெரிது. எலியில் டி.என்.எஃப்.ஐத் தடுத்தால் எண்டோடாக்சின் கொல்லவில்லை என்று 1985-ல் பாய்ட்லரே காட்டினார். நம்பிக்கையோடு செப்சிஸ் நோயாளிகளிடம் போனார்கள். 1990-களில் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒரு மருந்தில் அளவு கூடக் கூட இறப்பும் கூடியது. டி.எல்.ஆர்-4-ஐ அடைக்கும் எரிடோரன் மருந்தும் ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2013-ல் பயனில்லை என்று முடிந்தது. செப்சிஸ் என்று நாம் கண்டுகொள்வதற்குள் அழற்சியின் வெள்ளம் வந்து வடியத் தொடங்கியிருக்கும், எலிக்கோ நாம் முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்தோம்.

அதே டி.என்.எஃப். தடுப்பை மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் லண்டனில் முடக்குவாதத்துக்குக் கொடுத்தார்கள். கை விரல் மடக்க முடியாதவர்கள் மடக்கினார்கள். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஆனால் காசநோய்க் கிருமியைக் கட்டிவைக்கும் மேக்ரோஃபேஜ் கோட்டைக்கும் டி.என்.எஃப். வேண்டும். அதனால்தான் அந்த ஊசியை ஆரம்பிக்கும் முன் உள்ளே உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். நம் நாட்டில் இது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. உனக்குத் தெரிந்த யாருக்காவது அந்த மருந்து எழுதினால், பரிசோதனை ஆயிற்றா என்று நீயே கேட்டுவிடு.

ஊரில் கேட்பார்கள்

'எதிர்ப்புச் சக்தியைப் பத்திதானே படிக்கிறே, அது ஏற என்ன சாப்பிடலாம்?' என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்பார்கள். சிரித்துவிட்டு நகராதே, பொறுமையாகச் சொல். இந்த மண்டலம் ஏற ஏற நல்லது என்ற கணக்கில் வராது. மூட்டில் யூரிக் அமிலப் படிகத்தைக் கண்டு இன்ஃப்ளமசோம் கொதிப்பதுதான் கவுட் வலி, கிருமியே கிடையாது. 2020-ல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன். அது எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் ஒரு நன்மையும் இல்லை. மறு வருடம் நம் நாட்டில் தேவையில்லாதவர்களுக்கும் ஸ்டீராய்டு போனது, சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை. நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் பலவீனப்பட்ட உடம்புகளில் கறுப்புப் பூஞ்சை புகுந்து கண்ணையும் உயிரையும் எடுத்ததை நாம் பார்த்தோம்.

அவர்களுக்குச் சொல்லத்தக்கது கொஞ்சம்தான், ஆனால் கெட்டியானது. சர்க்கரை இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்கட்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் நியூட்ரோஃபில் புண்ணுக்கு வந்து சேர்வதும் கிருமியை விழுங்குவதும் மந்தமாகிவிடும். தூக்கம்: ஷெல்டன் கோஹனின் 2009 ஆய்வில் 153 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்தது, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட இடம் சிவந்து சூடானால் பயப்பட வேண்டாம், இயல்பு எதிர்ப்பு தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. காய்ச்சல் வரும் முன்பே பாராசிட்டமால் ஊற்ற வேண்டாம், வந்தால் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். முன்கூட்டிக் கொடுத்த குழந்தைகளில் சில தடுப்பூசிகளுக்கு ஆன்டிபாடி குறைவாக வந்ததை 2009-ல் செக் நாட்டில் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள சிசுவுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்.

கண்ணால் பார்

ஃப்ளோ சைட்டோமீட்டரும் வரிசைப்படுத்தும் இயந்திரமும் உன்னை மைக்ரோஸ்கோப்பிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். விடாதே. இலியா மெச்னிகாஃப் 1882-ல் சிசிலித் தீவின் மெஸினாவில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டுக் காத்திருந்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அலையும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. உன் துறை மொத்தமும் அங்கிருந்து வந்தது. மேக்ரோஃபேஜுக்கு உடம்பு சரியில்லையா என்று எலைசா நாளைக்குச் சொல்லும். இன்றைக்கே அதன் உருவத்தில் தெரியும். ஊதிப் போயிருக்கிறதா, நீண்டு ஊசியாகியிருக்கிறதா, தட்டைவிட்டுக் கழன்று மிதக்கிறதா என்று தினம் காலையில் ஒரு பார்வை பார்த்து, நோட்டில் இரண்டு வரி எழுது. படம் எடுத்துத் தேதி போட்டு வை.

சார்லஸ் ஜேன்வே 1989-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் வாசித்த கட்டுரையைத் தேடிப் படி. தடுப்பூசியில் ஏன் கொன்ற பாக்டீரியாவையும் அலுமினிய உப்பையும் கலக்க வேண்டியிருக்கிறது என்று தன் துறையினரையே அவர் கேட்டார். கிருமிகளின் பொதுவான அமைப்பை உணரும் வாங்கிகள் இருந்தாக வேண்டும் என்று, ஒரு வாங்கியும் கையில் இல்லாத காலத்திலேயே வாதாடினார். முதல் மாதத்தில் ஒருமுறை படி, மூன்றாம் வருடம் மறுபடி படி.

டைம் கோர்ஸ் போடும் நாளில் 0, 1, 2, 4, 8, 24 மணி என்று எழுதும் முன் எட்டாவது மணி எத்தனை மணிக்கு வருகிறது என்று பார். காலை ஆறுக்குத் தொடங்கினால் மதியம் இரண்டு. பத்துக்குத் தொடங்கினால் மாலை ஆறு, அடுத்த நாள் பத்து. மதியம் மூன்றுக்குத் தொடங்குகிறவர்கள்தான் ராத்திரி பதினொன்றுக்கு ஆய்வகத்தில் தனியாக நிற்பார்கள். டிபனைக் கட்டிக்கொண்டு போ, ஹாஸ்டலுக்குத் திரும்ப யாராவது கூட வர ஏற்பாடு செய்துகொள், அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு.

இன்னொன்று, மனித ரத்தத்தைத் தொடும் முன்பே முடிக்க வேண்டியது. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார். லிட்டருக்கு 10 யூனிட்டாவது வர வேண்டும். சின்ன வயதில் போட்ட அட்டை அலமாரியில் நீல ஃபைலில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேள். இல்லையென்றால் இந்த வாரமே முதல் தவணையைப் போட்டுவிடு.